மூன்று ஊர்களில் வளர்ந்த ஒரு லாரி எஞ்சின்

பழைய லேலண்ட் எஞ்சின்களின் பெயரைப் படிக்கத் தெரிந்தால், அவற்றின் ஜாதகத்தில் பாதி கைக்கு வந்துவிடும். ஓ.350, ஓ.600, ஓ.680 என்று பெயர் இருக்கும். ‘ஓ’ என்றால் ஆயில், அதாவது டீசல். பின்னால் வரும் எண், எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்த கொள்ளளவு, கன அங்குலத்தில். 680ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் உள்விட்டம், பட்டறையில் சொல்கிற ‘போர்’, 5 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ‘ஸ்ட்ரோக்’, 5.75 அங்குலம். ஆறு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டால் 677 கன அங்குலம் வரும். அதையே முழுசாக்கி 680 என்றார்கள். இன்றைய கணக்கில் 127 மில்லிமீட்டர் போர், 146 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 11.1 லிட்டர்.

இந்த 127, 146 இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியிலுள்ள லேலண்ட் என்ற சிற்றூரில் பிறந்த எஞ்சின் இது. அங்கிருந்து நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கும், சென்னைக்கு வடக்கே எண்ணூருக்கும் போனது. மூன்று ஊரிலும் மூன்று விதமாக வளர்ந்தது. கனரக லாரி எஞ்சின் என்பது எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால், நான் இந்த ஒரு குடும்பத்தின் கதையைத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு விஷயம். லாரி எஞ்சினைக் காரின் எஞ்சினோடு சேர்த்து யோசிக்கக் கூடாது. காரின் எஞ்சின் தன் முழு பலத்தைக் காட்டுவது அபூர்வம். முந்தும்போது சில நொடிகள், அவ்வளவுதான். லாரி அப்படியில்லை. முழு லோடோடு ஒரு மலைப்பாதையில் ஏறும்போது அரை மணி நேரம் தொடர்ந்து முழு மூச்சாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாளைக்கும் அதே ஏற்றம், அதே லோடு. இப்படி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் எந்த இடத்தில் விரிசல் விடுகிறது, எந்த பேரிங் முதலில் போகிறது, எந்த இடத்தில் தண்ணீர் சரியாகச் சுற்றாமல் சூடு தங்குகிறது என்பதெல்லாம் வெளியே வரும். ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும், வாடிக்கையாளரின் கையில் மூன்று நான்கு வருடம் ஓடினால் தெரிவது வேறு. அதனால் பத்து வருடமாகச் சாலையில் இருக்கும் ஒரு சிலிண்டர் பிளாக் வெறும் இரும்பு வார்ப்பு அல்ல; அது எங்கெல்லாம் பலவீனம் என்று கற்றுக்கொண்ட பாடம் முழுவதும் அந்த வார்ப்பின் வளைவுகளிலும் தடிமனிலும் பதிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைவது என்றால், அந்தப் பாடத்தையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறோம்.

லேலண்டின் கதையில் இது நடந்தது. அதுதான் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நிறுவனத்தின் தொடக்கம் 1896. நீராவி வண்டி செய்யும் கம்பெனியாகத் தொடங்கி, 1907ல் லேலண்ட் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவர்கள் கொண்டுவந்த எஞ்சின்தான் ஓ.600. கொள்ளளவு 9.8 லிட்டர், ஆறு சிலிண்டர், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை. பேருந்தில் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 125 ஹெச்பி (குதிரைத் திறன்) கொடுத்தது. டைட்டன் மாடிப் பேருந்துகளிலும் லண்டன் நகரப் பேருந்துகளிலும் ஓடி நல்ல பெயர் வாங்கியது. 1950களின் முற்பகுதியில் அதே அமைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி 680 வந்தது. 150 ஹெச்பி அளவில் தொடங்கி, பிறகு ‘பவர் பிளஸ்’ என்ற பெயரில் 200 ஹெச்பியைத் தொட்டது. காற்றை அழுத்தி உள்ளே அடைக்கும் டர்போ எதுவும் கிடையாது. இயல்பாக உள்ளிழுக்கும் காற்றை வைத்தே இவ்வளவு.

அந்தக் காலத்தில் டீசல் எஞ்சினில் லேலண்ட் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. சுவீடனின் ஸ்கானியா-வாபிஸ் 1949ல் கொண்டுவந்த நேரடித் தெளிப்பு எஞ்சின் வரிசைக்குப் பின்னால் லேலண்டின் தொழில்நுட்ப உதவி இருந்தது. நெதர்லாந்தின் டாஃப் உரிமம் வாங்கியது. சென்னையில் 1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955ல் லேலண்டின் பங்கு முதலீட்டோடு அசோக் லேலண்ட் ஆனது. குருவிடம் எல்லாரும் கற்றுக்கொண்டு போனார்கள். அப்புறம் குரு என்ன செய்தார்?

அதைச் சொல்வதற்கு முன் ஹெட் கேஸ்கட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பு பிளாக்; அதை மேலிருந்து மூடுவது ஹெட்; இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் மெல்லிய தகடு கேஸ்கட்.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். செயின் பிளாக்கில் கட்டி ஹெட்டை மெதுவாகத் தூக்குவார்கள். கேஸ்கட் பிளாக்கின் முகத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மெக்கானிக் அதை உரித்து வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு சிலிண்டர் ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஒடுக்கமான பகுதியை விரலால் தடவுவார். அங்கே கறுப்பாக ஒரு கோடு போயிருக்கும். எரிந்த வாயு ஒரு சிலிண்டரிலிருந்து பக்கத்துச் சிலிண்டருக்கு வழி தேடிப் போன தடம் அது. பிறகு நேர்க்கோலை ஹெட்டின் முகத்தில் குறுக்காக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். வெளிச்சம் தெரிந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, லேத்துக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, மூன்று நான்கு சுற்றாக போல்ட்டை முறுக்குவார்கள். ஒரே மூச்சில் ஓரத்திலிருந்து முறுக்கினால் மறுபடியும் ஹெட் இறக்க வேண்டியதுதான்.

எஞ்சினின் பலத்தைக் கூட்ட வேண்டுமானால் சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தம் கூடக் கூட, முதலில் கையை விரிப்பது இந்த கேஸ்கட்தான். ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டுகளின் இழுவையில் சிலிண்டரின் மேல்பகுதியும் மயிரிழை அளவு கோணும். 1960களில் லேலண்ட் பொறியாளர்கள் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள்: ஹெட் என்று தனியாக இருந்தால்தானே இந்தத் தொல்லை, பிளாக்கையும் ஹெட்டையும் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டால் என்ன? கேஸ்கட் இல்லை, போல்ட் இல்லை, கசிய வழியே இல்லை.

இப்படி வந்ததுதான் 500 வரிசை. 1960களின் இறுதியில் அறிமுகமானது. 500 கன அங்குலம், 8.2 லிட்டர். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் மேலே. பழைய எஞ்சின்களைவிடச் சிறியது, ஆனால் அதிகச் சுற்றில், 2,600 வரைக்கும், ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. சிறிய எஞ்சினை வேகமாகச் சுழற்றி, டர்போவும் வைத்துப் பெரிய எஞ்சினின் பலத்தை எடுப்பது திட்டம். காகிதத்தில் பார்த்தால் அழகான யோசனை. இன்றைக்கும் அந்த வரைபடத்தைப் பார்க்கும் ஒரு பொறியாளர் அதன் தர்க்கத்தை மதிப்பார் என்றே நினைக்கிறேன்.

சாலையில் அது வேறு கதையாகிவிட்டது. நம்பகத்தன்மை போதவில்லை, புகை அதிகம், பராமரிப்பு கடினம். ஹெட் தனியாக இல்லை என்றால் வால்வை எப்படிக் கழற்றுவது? கீழிருந்துதான். ஒரு சாதாரண வால்வு கிரைண்டிங்குக்குக்கூட, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கை இறக்கி, பிஸ்டன்களை வெளியே எடுத்து, சிலிண்டருக்குள் கீழ்ப்பக்கமாகக் கைவிட்டு வேலை பார்க்க வேண்டும். மற்ற எஞ்சினில் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு இங்கே எஞ்சினையே இறக்க வேண்டும். லாரிக்காரருக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். கேஸ்கட் போகாத எஞ்சின் என்ற பெருமை அவருக்கு எந்த வகையிலும் சோறு போடவில்லை.

1972ல் வந்த லேலண்ட் நேஷனல் பேருந்திலும் இந்த வரிசையின் 510 எஞ்சினைத்தான் வைத்தார்கள். சில வருடம் தள்ளி, 1979ல், நேஷனல் 2 என்று திருத்திய வண்டி வந்தது. அதில் 510ஐ எடுத்துவிட்டு என்ன வைத்தார்கள் தெரியுமா? பழைய 680 குடும்பத்து 11 லிட்டர் எஞ்சின். புதிய எஞ்சின் விட்டுப்போன இடத்தை நிரப்ப, அது ஓய்வு கொடுக்க நினைத்த அப்பாவையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

பிழை பொறியாளர்களுடையது மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 1968ல் லேலண்ட் மோட்டார்ஸ், பிரிட்டனின் பெரிய கார் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் ஹோல்டிங்ஸோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. லாரியில் சம்பாதித்தது காருக்குப் போனது. அந்தக் கார் வியாபாரம் எவ்வளவு போட்டாலும் நிரம்பாத குளமாக இருந்தது. 1975ல் அரசே கம்பெனியைக் காப்பாற்றிக் கையில் எடுக்க வேண்டி வந்தது. ஒரு புதிய எஞ்சின் முதல் சில வருடங்களில் தடுமாறுவது உலகத்தில் இல்லாத விஷயமில்லை. தடுமாறும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு குறையாகத் தீர்க்கப் பணமும் ஆளும் வேண்டும். அது அங்கே இல்லை. 680ஐ அதே பத்து வருடம் டர்போ வைத்து வளர்த்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் கடல் தாண்டி ஐந்தோவனில் ஒருவர் அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

வான் டோர்ன சகோதரர்கள், ஹுப், விம் இருவரும் 1928ல் ஐந்தோவனில் தொடங்கிய சிறு பட்டறைதான் டாஃப். முதலில் டிரெய்லர்கள் செய்தார்கள். 1949ல்தான் லாரிக்கு வந்தார்கள். சொந்த எஞ்சின் இல்லை. வாங்கி மாட்டினார்கள். பிறகு லேலண்டிடம் உரிமம் வாங்கி, 1957ல் சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கினார்கள். முதல் எஞ்சின் 575. பெயர் வைக்கும் முறை மட்டும் கன அங்குலத்திலிருந்து லிட்டருக்கு மாறியது: 575 என்றால் 5.75 லிட்டர். லேலண்டின் ஓ.350தான் அதற்கு மூலம். இரண்டே வருடத்தில், 1959ல், அதற்கு டர்போ பொருத்தினார்கள். உரிமம் வாங்கியவர்கள் அதை ஒரு முடிந்த பொருளாகப் பார்க்கவில்லை என்பது இங்கேயே தெரிகிறது.

பெரிய லாரிகளுக்கு 680 குடும்பம். 1962ல் வந்த டாஃப் 2600 அதில்தான் ஓடியது. 1960களின் இறுதிக்குள் அதைத் திருத்தி 1160 என்று பெயரிட்டார்கள், 11.6 லிட்டர். அதன் அளவைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோஷம்: போர் 130 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 146 மில்லிமீட்டர். போரை வெறும் 3 மில்லிமீட்டர் அகலமாக்கினார்கள். ஸ்ட்ரோக்கில் கை வைக்கவில்லை. மெட்ரிக் அளவில் வேலை செய்யும் ஒரு டச்சுத் தொழிற்சாலையின் எஞ்சினுக்குள், லங்காஷயரில் யாரோ பென்சிலால் குறித்த அந்த 5.75 அங்குலம் அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளே மற்ற எத்தனையோ பாகங்களைப் பலப்படுத்தினார்கள், மாற்றினார்கள். அடித்தளத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் மேற்கு ஜெர்மனியில் ஒரு சட்டம். பாரம் ஏற்றிய லாரிகள் மலைச்சாலைகளில் ஊர்ந்து, பின்னால் வரும் போக்குவரத்தையே நிறுத்துகின்றன என்பது அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில், ஒரு டன்னுக்குக் குறைந்தது 8 ஹெச்பி வேண்டும் என்று விதித்தார்கள். அப்போது அங்கே அதிகபட்ச மொத்த எடை 38 டன். 38ஐ 8ஆல் பெருக்கினால் 304. ஜெர்மன் சாலையில் முழு லோடோடு ஓட வேண்டுமானால் 300க்கு மேல் ஹெச்பி கட்டாயம்.

ஜெர்மானியர்கள் இதற்கு எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் வி வடிவத்தில் பத்து சிலிண்டர் எஞ்சினையே வைத்தது. 16 லிட்டர், 320 ஹெச்பி, டர்போ இல்லை. அதில் தப்பில்லை. பெரிய எஞ்சின், நிதானமான உழைப்பு, நீண்ட ஆயுள். டாஃபிடம் அப்படி ஒரு எஞ்சின் இல்லை; புதிதாகச் செய்ய அந்த அளவு பணமும் இல்லை. கையில் இருந்தது அந்த 11.6 லிட்டர் ஒன்றுதான். அதற்கு டர்போ வைத்தாயிற்று. இன்னும் வேண்டும். என்ன செய்வது?

டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே வரும் காற்றை அழுத்தி அடைக்கிற ஒரு காற்றாடி. காற்று அதிகம் போனால் டீசல் அதிகம் எரிக்கலாம். ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேதான். டர்போவிலிருந்து வரும் காற்று 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடான காற்று விரிந்துவிடும்; அழுத்தி அடைத்த பலனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. கூடவே சிலிண்டருக்குள் வெப்பம் ஏறி, பிஸ்டன், வால்வு, ஹெட் எல்லாவற்றுக்கும் ஆயுள் குறைகிறது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே அந்தக் காற்றைக் குளிர வைத்துவிட்டால்? அதே இடத்தில் இன்னும் அதிகக் காற்று அடங்கும், எஞ்சினும் சூட்டில் வதங்காது. பலமும் கூடுகிறது, ஆயுளும் காப்பாற்றப்படுகிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதே வழக்கமாக இருக்கிற இந்தத் தொழிலில், இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

1973ல் டாஃப் 2800 லாரியில் இந்த இன்டர்கூலர் வந்தது. லாரி எஞ்சினில் அதை முதலில் உற்பத்திக்குக் கொண்டுவந்த பெருமை டாஃபுக்கு. 16 லிட்டரில் பத்து சிலிண்டர் செய்த வேலையை, ஆறு சிலிண்டர் 11.6 லிட்டர் செய்தது. அதே 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்து டீசல் விலை ஏறியது. சிறிய எஞ்சினில் உராய்வு குறைவு, எடை குறைவு, அதனால் மைலேஜ் அதிகம். வறுமையில் எடுத்த முடிவு தீர்க்கதரிசனமாகிவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் பெரும்பாலான லாரிக் கம்பெனிகள் டர்போ, இன்டர்கூலர், வரிசையாக ஆறு சிலிண்டர் என்ற அந்த அமைப்புக்கே வந்து சேர்ந்தார்கள். இன்று நெடுஞ்சாலையில் எந்த லாரியின் முகப்பைத் திறந்தாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் அலுமினியக் குளிரூட்டி அதுதான்.

1160 அதோடு நிற்கவில்லை. 1985ல் இன்னொரு மேம்பாடு. 1987ல் டாஃப் 95 வந்தபோது அதே 11.6 லிட்டர், அதே 130க்கு 146. அந்த வரிசையின் உச்சத்தில் 95.430 என்ற வண்டி; பெயரிலேயே இருக்கிறபடி சுமார் 430 ஹெச்பி. ஓ.600 லிட்டருக்கு 13 ஹெச்பி கூடத் தரவில்லை. இது லிட்டருக்கு 37. நாற்பது வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஒரே குடும்ப எஞ்சினிலிருந்து. 1997ல் 95எக்ஸ்எஃப் வந்தபோது 12.6 லிட்டர் எஞ்சின் சேர்ந்தது. அதன் போர் 130. ஸ்ட்ரோக் முதல்முறையாக மாறி 158 ஆனது. லங்காஷயரின் 5.75 அங்குலம் விடைபெற்ற இடம் அதுதான். அதற்கு முந்தைய வருடமே டாஃபை அமெரிக்காவின் லாரிக் கம்பெனியான பேக்கார் வாங்கியிருந்தது. 2005ல் வந்த எம்எக்ஸ் எஞ்சின் 12.9 லிட்டர், 130க்கு 162. இன்று அமெரிக்காவின் கென்வொர்த், பீட்டர்பில்ட் லாரிகளிலும் அது ஓடுகிறது. எம்எக்ஸ் புது வடிவமைப்புதான், அதைப் பழையதன் பேரன் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த 130ஐப் பார்க்கும்போது குடும்பச் சாயல் தெரிகிறது.

லேலண்டும் கடைசியில் விழித்துக்கொண்டது. 680க்கு டர்போ வைத்து டிஎல்11 என்று செய்து, 1980ல் ரோடுட்ரெயின் லாரியில் பொருத்தினார்கள். நல்ல வண்டி, ஐரோப்பாவின் 1981ஆம் ஆண்டின் சிறந்த லாரி என்ற விருதையும் வாங்கியது. பத்து வருடம் தாமதம். 1987ல் லேலண்டின் லாரிப் பிரிவு டாஃபோடு இணைக்கப்பட்டது, பெரும்பான்மை டாஃபுக்கு. அப்போது பிரிட்டனில் ‘லேலண்ட் டாஃப் 95’ என்ற பெயர்ப்பலகையோடு ஓடிய லாரிக்குள் இருந்தது, லேலண்டில் பிறந்து ஐந்தோவனில் வளர்ந்த அந்த எஞ்சின். பிள்ளை ஊர் திரும்பியபோது வீடு கைமாறியிருந்தது.

சரி, அசோக் லேலண்டின் எண்ணூருக்கு வருவோம்.

இங்கே அந்தக் குடும்பம் போன வழி வேறு. காமெட் லாரியும் அதன் 350 எஞ்சினும், பிறகு 370, 400 என்று மெல்ல வளர்ந்த ஆறு லிட்டர் வட்டாரத்து எஞ்சின்களும்தான் பெரும்பாலான வேலையைச் செய்தன. ஹிப்போ, பீவர் போன்ற கனரக வண்டிகளுக்கு 680. ஐரோப்பாவில் டர்போவும் இன்டர்கூலரும் வந்து பல வருடம் ஆன பிறகும் இங்கே இயல்பான காற்றிலேயே எஞ்சின்கள் ஓடின. இதைப் பொறியாளர்களின் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உற்பத்தி எத்தனை என்பதையே அரசு உரிமம் தீர்மானித்த காலம் அது. லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒற்றைச் சாலையில், மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வழியில்லாத இடத்தில் 300 ஹெச்பியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? 16 டன் லாரிக்கு 100 முதல் 130 ஹெச்பிக்குள் இருந்தது. அதற்கு மேல் ஏற்றிய பாரம் தனி. மேட்டூர் கரட்டில் முதல் கியரில் ஏறினாலும் ஏறிவிடும். ஓட்டுநர் கேட்டது ஒன்றுதான்: வழியில் நின்றால் வழியிலேயே சரிசெய்ய முடிய வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பழைய லேலண்ட் வடிவமைப்பு நல்ல பதிலாக இருந்தது. பம்ப், நாசில், தள்ளுகோல், டேப்பெட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் இருந்தால் ஒரு புளியமர நிழலில் டேப்பெட் வைத்துவிடலாம், அதாவது வால்வின் இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் டீசல் எஞ்சினைப் படித்தது இந்த எஞ்சின்களில்தான். காதால் கேட்டே எந்தச் சிலிண்டர் அடிக்கிறது என்று சொல்லும் திறமை அங்கே வளர்ந்தது. அந்த அறிவு எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் சொத்தாக ஏறவில்லை, ஆனால் அது ஒரு சொத்துதான்.

ஆனால் வளர்க்காமல் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1980களில் டீசல் சிக்கனம் முக்கியமானபோது, கையிலிருந்த குடும்பத்தை அந்த அளவுக்கு இழுத்து வளர்க்க நேரமில்லை. ஜப்பானின் ஹினோவோடு ஒப்பந்தம் போட்டு, அந்த வடிவமைப்பை ஹெச் வரிசை என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. சிறிய, சிக்கனமான, உழைக்கிற எஞ்சின். பிறகு டர்போவும் இன்டர்கூலரும் சேர்த்து, பிஎஸ்-3, பிஎஸ்-4 என்ற புகை மாசு விதிகள் வரை அதை இழுத்து வந்ததில் எண்ணூர், ஓசூர் பொறியாளர்களின் சொந்த உழைப்பு நிறைய. 1987ல் பிரிட்டிஷ் தாய்க் கம்பெனியின் பங்கு கைமாறி ஹிந்துஜா குழுமம் வந்தது. தங்க நாற்கரச் சாலைகள் வந்தன. வேகமும் பாரமும் கூடின. நெப்டியூன் என்ற பெயரில் பெரிய எஞ்சின் வரிசையையும் சொந்தமாக உருவாக்கினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு இடம் 2017. பிஎஸ்-4 நாடு முழுக்கக் கட்டாயமான வருடம். டீசல் அதிக வெப்பத்தில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் சேர்ந்து எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. அதைக் குறைக்கப் பலர் போன வழி யூரியா: புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து, அந்த ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது. அதற்குத் தனி டேங்க், பம்ப், சென்சார்கள் வேண்டும். அசோக் லேலண்ட் ஐஇஜிஆர் என்ற வேறு வழியை எடுத்தது. எரிந்த வாயுவில் கொஞ்சத்தை வெளியே விடாமல் சிலிண்டருக்குள்ளேயே திரும்ப எடுத்துக்கொண்டால், அது எரிதலின் வெப்பத்தைத் தணிக்கும். காற்று உள்ளே வருகிற நேரத்தில் புகை வால்வை ஒரு கணம் லேசாகத் திறந்தாலே இது நடந்துவிடும். கேம் ஷாஃப்ட்டின் வடிவத்தில் செய்கிற மாற்றம். யூரியா வேண்டாம். நடுச்சாலையில் யூரியா கிடைக்காமல் நிற்கும் கவலை இல்லை. நம் ஊர் லாரிக்காரரின் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு என்று அது எனக்குத் தோன்றியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது விதிகள் இறுகி, இங்கும் யூரியா வந்துவிட்டது. புளியமர நிழலில் ஃபீலர் கேஜோடு உட்கார்ந்தவர் இப்போது லேப்டாப்பை மாட்டிப் பிழை எண்ணைப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த எண் அவருக்குப் புரிகிற மொழியில் வருவதில்லை. கம்பெனிகள் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும்.

இப்போது ஐந்தோவனும் எண்ணூரும் தனித்தனியே ஒரே பரிசோதனையில் இருக்கின்றன. டாஃப், டீசலுக்குப் பதிலாக ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சினோடு ஒரு எக்ஸ்எஃப் லாரியைச் செய்து காட்டி, 2022ஆம் ஆண்டுக்கான லாரிப் புதுமை விருதை வாங்கியது. அசோக் லேலண்ட், ரிலையன்ஸோடு சேர்ந்து உருவாக்கிய ஹைட்ரஜன் எஞ்சின் லாரி 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் கொடியசைத்துத் தொடங்கிவைக்கப்பட்டது. ஹைட்ரஜன் வெறும் அழுத்தத்தில் எளிதாகப் பற்றிக்கொள்ளாது, பொறி தேவை. அதனால் ஹெட்டை மாற்றி ஸ்பார்க் பிளக்குக்கு இடம் செய்ய வேண்டும், எரிபொருள் போகும் வழியெல்லாம் புதிதாக அமைக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் பிளாக்கும் கிராங்க்கும் டீசல் எஞ்சினிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை. அவற்றைச் செய்யும் ஆலையும், பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் ஏற்கெனவே இருக்கின்றன.